பதினெட்டுப் பாகை

ஆவணியில் ஒரு நாள் முபாரிஸ் போனில் சொன்னான்:
ரெஜிபோம் பெட்டிக்குள்ள, ஐஸுக்கு அடியில
காரல் மீன் எரிஞ்சது மிஸ், மஞ்சளா.
நீலமில்லையா என்று கேட்டேன்.
மஞ்சள். பற்றரி இறங்கின டோர்ச் மாதிரி.

குறித்துக்கொண்டேன்.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன்.

இரண்டு நாளில் கிண்ணியாவிலிருந்து
பஸ் கொண்டக்டரின் காலடியில்
ஒழுகிக்கொண்டு வந்து சேர்ந்தது பெட்டி.
செதிலைப் பஞ்சால் தொட்டு
உப்பு அகாரில் கோடிழுத்து
அறை வெப்பத்தில் வைத்தேன்.
அறை வெப்பம் என்றால் திருகோணமலையில் முப்பத்தொன்று.
மேலே மின்விசிறி சுற்றுகிறது என்பது வதந்தி.

யன்னலுக்குக் கறுப்புப் பொலித்தீன் ஒட்டி,
கண் இருட்டுக்குப் பழகும்வரை பொறுத்து,
மூடியைத் திறந்தேன்.
நீலம்.
நான் இழுத்த கோட்டில், என் கை நடுங்கிய இடத்திலும் நடுங்கி,
சந்தேகத்துக்கு இடமில்லாத நீலம்.

நீலம்தான், முபாரிஸ்.
பின்னால் யாரோ ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்டது.
அப்ப என்ட கண் பொய், என்றான்.
அதற்குப் பிறகு மீன் வரவில்லை.

ஐப்பசி மழையில் மின்சாரம் போன ஓர் இரவு,
உருகும் முன் எடுத்துவிடலாமென்று
பிரிட்ஜைத் திறந்தேன்.
இடமில்லாமல் அதற்குள் தள்ளி
மறந்தே போயிருந்த தட்டுகள்.
கீழ்த்தட்டு முழுக்க
மஞ்சள்.

அதே கோடு. அதே நடுக்கம்.

லூசிஃபெரேஸ் தனித்து நின்றால்
நீலப்பச்சையாய்த்தான் எரியும்.
இதற்கோ தோளோடு தோளாக இன்னொரு புரதம்,
பால் முட்டையில் உள்ள அதே வைட்டமினின்
மஞ்சள் துணுக்கொன்றை மடியில் கட்டிக்கொண்டு.
ஒளியை வாங்கிச் சாயம் தோய்த்துத் தருகிறதென்று
முதலில் நினைத்தேன்.
இல்லை.
ஒளியாவதற்கு ஒரு நொடித்துணுக்கு முன்பே,
நிறமென்று ஏதும் ஏற்படாத அந்தத் துடிப்பை
அப்படியே கைமாற்றி எடுத்துக்கொள்கிறது.
இங்கே நீலம் மாறவில்லை,
பிறக்கவே இல்லை.

அதற்கு இரண்டும் ஒட்டி நிற்க வேண்டும்.
பதினெட்டுப் பாகைக்குக் கீழே நிற்கும்.
சூடு ஏற ஏறப் பிடி தளரும்.
முதற்புரதம் தன் பாட்டில் நீலமாய் எரியும்,
பக்கத்தில் ஒருவரும் இருந்ததேயில்லை என்பதுபோல்.

அவன் பார்த்தது ஐஸுக்குள்.
நான் பார்த்தது முப்பத்தொன்றில்.
கேள்விக்குறியை
என் அறைக்குப் போட்டிருக்க வேண்டும்.

அடுத்த நாள் கூம்புக் குடுவையை
ஐஸில் புதைத்து மடியில் வைத்துக்கொண்டு
கிண்ணியாப் பாலத்தைக் கடந்தேன்.
இடப்பக்கம் கொட்டியாரக்குடா, மழையில் சாம்பலாய்.
பக்கத்து இருக்கைப் பெண் கேட்டாள்,
ஐஸ்கிறீமா?

முபாரிஸ் ஐஸ் அறைக் கதவைச் சாத்தினான்.
ஒன்றும் சொல்லவில்லை.
நானும் மன்னிப்பை எங்கே தொடங்குவதென்று தெரியாமல்
குடுவையைக் குலுக்கினேன்.
காற்றுக் கலந்ததும் அது குப்பென்று எழுந்தது:
மஞ்சள் அவன் தாடியில்,
பாரை மீன்களின் திறந்த வாய்களில்,
சுவரில் சோக்கால் எழுதிய கடன் கணக்கில்.

தாங்க, என்று வாங்கினான்.
காலையிலிருந்து ஐஸ் அள்ளாத வலக் கையால்
கழுத்தைப் பிடிக்காமல்
வயிற்றோடு சேர்த்து அணைத்துப் பிடித்தான்.
நெடுநேரம் பிடித்திருந்தான்.
பிறகு கையை எடுத்தான்.

கண்ணாடியில் நாலு விரலும் உள்ளங்கையும்
நீலமாய்,
சுற்றிவர மஞ்சள்.

இதுக்கு என்ன நிறமெண்டு எழுதுவீங்க, மிஸ்?

ஓரங்கள் அதற்குள் குளிரத் தொடங்கியிருந்தன.
பேனையைத் தேடினேன்.
சின்னவிரல் முதலில் மறைந்தது.